அறுவைக்குப் பிந்தைய முதல் இரவு: மரப்பு மருந்தோடு சேரும் துணைமருந்துகள்

சிசேரியன் அறுவைக்காக முதுகில் போடப்படும் ஊசியில் இருப்பது பெரும்பாலும் 0.5 சதவீத ஹெவி புபிவகெயின் என்ற மரப்பு மருந்து. இரண்டு மில்லிலிட்டர் அளவிலான அந்த மருந்து தண்டுவட நீரில் கலந்த சில நிமிடங்களில் மார்புக்குக் கீழே உடல் மரத்துப்போகிறது. அறுவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மரப்பு விலகத் தொடங்கும். காலை பத்து மணிக்குக் குழந்தை பிறந்தால், பகல் ஒரு மணிவாக்கில் தாய் கால் விரல்களை அசைக்கிறாள். சற்று நேரத்தில் தையல் போட்ட இடம் வலிக்க ஆரம்பிக்கிறது. வெட்டிய இடத்தின் வலி கடுமையாக இருப்பது முதல் 24 மணி நேரம். ஊசி மருந்து தாங்குவதோ அதில் எட்டில் ஒரு பங்கு. மீதி நேரத்தின் வலிக்கு, குறிப்பாக இரவின் வலிக்கு, அதே ஊசியிலேயே ஒரு வழி வைக்க முடியுமா என்ற கேள்விதான் மரப்பு மருந்தோடு வேறொரு மருந்தைச் சேர்க்கும் வழக்கத்துக்குக் காரணம்.

2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாடு முழுமைக்கும் அது 21.5 சதவீதம். இவற்றில் பெரும்பாலானவை முதுகு ஊசியில் நடப்பவை. குடலிறக்கம், விரைவீக்கம், கால் எலும்பு முறிவு ஆகியவற்றுக்கும் அதே ஊசிதான். கை எலும்பு முறிவுக்கு மட்டும் ஊசி வேறு; அது முதுகில் அல்ல, கைக்கான நரம்புகளின் அருகே போடப்படும். திருச்சி–சிதம்பரம் சாலையும் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையும் சந்திக்கும் மீன்சுருட்டியில் இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்து முன்கை முறிந்தவருக்கு உள்ளூரில் கிடைப்பது முதலுதவி. தகடு வைக்கும் அறுவைக்கு அவர் ஜெயங்கொண்டம், அரியலூர், கும்பகோணம், தஞ்சாவூர், சிதம்பரம் என்று எங்காவது போக வேண்டும். தமிழ்நாட்டில் 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூர்க் கல்லூரியும் ஒன்று என்பதால் மயக்கவியல் மருத்துவர்கள் இன்று முன்பைவிட அருகில் இருக்கிறார்கள். ஆனால் அறுவை அரங்கில் மருத்துவர் இருப்பது வேறு, இரவு பன்னிரண்டு மணிக்கு வார்டில் கட்டிலருகே ஒருவர் இருப்பது வேறு. எந்தத் துணைமருந்து எந்த ஊருக்குப் பொருந்தும் என்பதை இந்த வேறுபாடுதான் பெரிதும் முடிவு செய்கிறது. பாடநூல்கள் இதைக் கடைசி வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

வலி நரம்பிழை வழியே மின்துடிப்பாகப் பயணிக்கிறது. நரம்புச் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால்தான் துடிப்பு அடுத்த இடத்துக்கு நகரும். லிக்னோகெயின், புபிவகெயின், ரோபிவகெயின் ஆகிய மரப்பு மருந்துகள் சவ்வைக் கடந்து நரம்பிழைக்குள் சென்று, உட்புறத்திலிருந்து இந்த வாயில்களை அடைக்கின்றன. அடைப்பு நிலையானதன்று. மருந்து மூலக்கூறுகள் மெல்லக் கழன்று இரத்தத்தில் கலந்து போனதும் நரம்பு பழையபடி வேலை செய்யும். புரதத்தோடு இறுகப் பிணையும் மருந்து நீண்ட நேரம் நிற்கும். அதனால்தான் நரம்பருகே மருந்து செலுத்தி மரக்கச் செய்யும் நரம்புத் தடையில் லிக்னோகெயின் ஒன்றிரண்டு மணி நேரமும், புபிவகெயின் நான்கு முதல் எட்டு மணி நேரமும் தாங்குகின்றன.

நேரம் போதவில்லை என்றால் மருந்தையே அதிகமாகப் போடலாமே என்று தோன்றும். அந்த வழிக்கு எல்லை உண்டு. எதுவும் சேர்க்காத லிக்னோகெயினின் உச்ச அளவு ஒரு கிலோ எடைக்கு சுமார் 4.5 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 225 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் அது 11 மில்லிலிட்டர்தான். எல்லை மீறினாலோ, ஊசி தவறி இரத்தக் குழாய்க்குள் போனாலோ, முதலில் நாக்கும் உதடும் மரக்கும், காதில் இரைச்சல் கேட்கும். பிறகு வலிப்பு வரும், அதன் பின் இதயம் தடுமாறும். புபிவகெயின் இதயத்தின் சோடியம் வாயில்களைப் பிடித்தால் எளிதில் விடுவதில்லை. அந்த மருந்தால் பிரசவ அறைகளில் நேர்ந்த இறப்புகளுக்குப் பிறகுதான் 1984இல் அமெரிக்கா அதன் 0.75 சதவீதக் கரைசலை மகப்பேற்றில் பயன்படுத்துவதைத் தடுத்தது. இந்த நச்சு விளைவுக்கு இன்று கொடுக்கப்படுவது 20 சதவீதக் கொழுப்புப் பால்மம். ஒரு கிலோ எடைக்கு 1.5 மில்லிலிட்டர் என்று முதலில் இரத்தக் குழாயில் செலுத்தப்படும். பெரிய நரம்புத் தடைகள் செய்யும் எந்த அரங்கிலும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஆக, மரப்பு மருந்தின் அளவைக் கூட்டாமல் அதன் நேரத்தைக் கூட்ட வேண்டும். முதலில் அதைச் செய்து காட்டியவர் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹைன்ரிஷ் பிரவுன். கொக்கெயின் 1884இல் கார்ல் கோலரின் கையில் கண் மருத்துவத்துக்கு வந்தது. 1898இல் ஆகஸ்ட் பீர் அதை முதுகுத்தண்டில் செலுத்தினார். அதன் நச்சுத்தன்மை அப்போதே தெரிந்திருந்தது. ஜோகிச்சி தக்காமினே பிரித்தெடுத்த அட்ரினலின் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. பிரவுன் 1903இல் அதை மரப்பு மருந்தோடு கலந்தார். அட்ரினலின் அந்த இடத்து இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இரத்த ஓட்டம் குறைந்தால் மருந்து மெதுவாகத்தான் அடித்துச் செல்லப்படும். நரம்பருகே அதிக நேரம் நிற்கும், இரத்தத்தில் திடீரென உயராது. லிக்னோகெயினின் உச்ச அளவு கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை உயர்வது இதனால்தான்.

இன்றும் வழக்கத்தில் உள்ள கலவை இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம். லிக்னோகெயினோடு இதன் பயன் தெளிவாகத் தெரியும். ஏற்கெனவே நீண்ட நேரம் நிற்கும் புபிவகெயினோடு சேர்த்தால் கூடுதல் நேரம் அதிகமில்லை. ஆனால் அட்ரினலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 15 மைக்ரோகிராம் அட்ரினலின் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் ஒரு நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு சட்டென ஏறும். முழு அளவும் உள்ளே போவதற்கு முன்பே தவறு தெரிந்துவிடுகிறது. விரல்களில் அட்ரினலின் போட்டால் விரல் அழுகிவிடும் என்ற பழைய தடையை மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் காலத்து விரல் இழப்புகளுக்குப் பின்னால் கெட்டுப்போய் அமிலமேறிய புரொகெயின் இருந்திருக்கலாம் என்பதே இப்போதைய கருத்து. கட்டுக்கயிறு இல்லாமல், விழித்திருக்கும் நோயாளிக்கே கை அறுவை செய்யும் முறை இன்று அட்ரினலின் கலந்த லிக்னோகெயினை நம்பித்தான் நடக்கிறது.

நேரத்தைக் கூட்டாமல், மருந்து விரைவாகப் பிடிக்கவும் நன்கு பரவவும் சேர்க்கப்படுபவை இரண்டு. ஒன்று சோடியம் பைகார்பனேட். மரப்பு மருந்தின் மின்னேற்றம் இல்லாத பகுதிதான் நரம்புச் சவ்வைக் கடக்க முடியும். குப்பியில் வரும் மருந்து அமிலத்தன்மை உள்ளதால் அந்தப் பகுதி அதில் குறைவு. பைகார்பனேட் அந்தப் பங்கை உயர்த்துகிறது. ஊசி போடும்போது எரிச்சலும் குறைகிறது. லிக்னோகெயினில் இது தாராளமாகக் கலக்கும். புபிவகெயினில் சற்று அதிகமானாலும் மருந்து வெண்மையாகப் படிந்துவிடும். மற்றொன்று ஹயாலுரோனிடேஸ். திசுக்களின் இடைப்பசையைக் கரைக்கும் இந்த நொதியை 1949 முதல் கண் அறுவை ஊசிகளில் சேர்க்கிறார்கள். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டில் கண்புரை அறுவைகள் பெருந்தொகையில் நடந்தன. லிக்னோகெயின், புபிவகெயின், ஹயாலுரோனிடேஸ் மூன்றும் சேர்ந்த கண்ணடி ஊசி அந்தக் காலகட்டத்து முகாம்களில் பழகிய ஒன்று.

வலி நீக்கத்தின் நேரத்தை உண்மையில் மாற்றியவை அபின் வகை மருந்துகள். ருமேனியரான நிக்கோலே ரக்கோவிசியானு-பிட்டெஷ்டி தண்டுவடத்தில் கொக்கெயினோடு அபின் வகை மருந்தையும் செலுத்திப் பார்த்து, 1901இல் பாரிஸில் அறிவித்தார். அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1973இல் அபின் ஏற்பிகள் கண்டறியப்பட்ட பிறகே அந்தப் பழைய முயற்சிக்குப் பொருள் கிடைத்தது. தண்டுவடத்தின் பின்கொம்பிலும் இந்த ஏற்பிகள் இருக்கின்றன. வலிச் செய்தி மூளைக்கு ஏறும் முன்பே அங்கே அதை அடக்கலாம். 1976இல் யாக்ஷும் ரூடியும் எலிகளில் இதை நிறுவினார்கள். 1979இல் மேயோ கிளினிக்கில் புற்றுநோய் வலியால் துன்பப்பட்ட எட்டுப் பேருக்கு மார்ஃபின் தண்டுவட நீரில் கொடுக்கப்பட்டது. மரப்பு மருந்து கால்களையும் செயலிழக்கச் செய்யும். மார்ஃபின் வலியை மட்டும் அடக்கும். நோயாளி எழுந்து நடக்கலாம். இந்த வேறுபாடுதான் மகப்பேறு மருத்துவத்தில் மார்ஃபினைத் தனி இடத்தில் வைத்தது.

மார்ஃபின் நீரில் கரையும், கொழுப்பில் எளிதில் கரையாது. எனவே தண்டுவட நீரில் நெடுநேரம் மிதந்து நிற்கும். 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, ஒரு நாள் முழுவதும் சிசேரியன் வலியைப் பெருமளவு குறைக்கும். சிசேரியன் வலிக்கான 2021ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பரிந்துரை 50 முதல் 100 மைக்ரோகிராம் போதும் என்கிறது. பாராசிட்டமாலும் டைக்லோஃபெனாக் போன்ற வீக்க மருந்தும் சேர்ந்தே தரப்பட வேண்டும் என்கிறது. ஆனால் நீரில் மிதக்கும் அதே குணத்தால் மார்ஃபின் மெல்ல மேலேறி மூளைத்தண்டின் மூச்சு மையத்தையும் எட்டும். இது நடப்பது ஊசி போட்ட ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. மயக்கவியல் மருத்துவர் வீட்டுக்குப் போய்விட்ட நேரம் அது. தொடக்க ஆண்டுகளில் மில்லிகிராம் கணக்கில் கொடுத்தபோது மூச்சுத் தடைகள் நேர்ந்தன. 100 மைக்ரோகிராமில் அது அரிது. அரிதானாலும், 50 மைக்ரோகிராமுக்கு மேல் 150 வரை கொடுக்கப்பட்டவருக்கு முதல் பன்னிரண்டு மணி நேரம் இரண்டு மணிக்கொரு முறை மூச்சு எண்ணிக்கையும் விழிப்பு நிலையும் பார்க்க வேண்டும் என்று மகப்பேறு மயக்கவியலுக்கான அமெரிக்கச் சங்கம் 2019இல் வகுத்தது. அரிப்பு, வாந்தி, சிறுநீர் தேங்குதல் ஆகியவை இதைவிடச் சாதாரணமாக வருபவை. அவை ஆபத்தில்லை, ஆனால் இரவெல்லாம் மூக்கைச் சொறியும் தாய்க்கு அந்த ஆறுதல் போதாது.

ஃபென்டனில் இதற்கு நேர் எதிர். கொழுப்பில் எளிதில் கரைவதால் தண்டுவடத்துக்குள் உடனே இறங்கும், உடனே பிடிக்கும், விரைவில் வெளியேறும். 10 முதல் 25 மைக்ரோகிராம் அளவில் அது அறுவையின்போது கருப்பையை இழுக்கும் வேதனையைக் குறைக்கிறது. அறுவைக்குப் பின் தரும் கூடுதல் நேரம் இரண்டு முதல் நான்கு மணி நேரம். தாமதமான மூச்சுத் தடை என்ற அச்சம் இதில் மிகக் குறைவு. இரவு வலிக்கு இதனால் பயனும் குறைவு. இரண்டுக்கும் இடையில் நிற்பது புப்ரினார்ஃபின். இந்திய மயக்கவியலில் இதற்கு நீண்ட வழக்கம் உண்டு. தண்டுவடத்தில் 60 மைக்ரோகிராம் அளவில் கொடுப்பார்கள். பல மணி நேரம் நிற்கும், வாந்தியும் வரும். நரம்புத் தடையில் இதன் ஆற்றல் வியப்பானது. கைக்கான நரம்புப் பின்னலில் 300 மைக்ரோகிராம் சேர்த்தபோது வலியற்ற நேரம் ஐந்து மணி அளவிலிருந்து பதினேழு மணியாக உயர்ந்ததாக 2001இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

இந்த மருந்துகளின் கதையில் சட்டத்துக்கும் இடம் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் பல மருத்துவமனைகளில் பெயரளவில் மட்டுமே இருந்தது. 2014இல் வந்த திருத்தம் இன்றியமையாத போதை மருந்துகள் என்ற தனி வகையை உண்டாக்கியது. மார்ஃபினும் ஃபென்டனிலும் அதில் அடங்கின. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஒப்புதலோடு அவற்றை வைத்திருக்கலாம். ஆனாலும் பூட்டிய அலமாரி, பதிவேடு, காலி ஆம்பூல் கணக்கு என்ற நடைமுறைக்குப் பயந்து சிறிய மருத்துவமனைகள் பல இவற்றை வாங்குவதே இல்லை. அங்கெல்லாம் துணைமருந்தைத் தேர்வு செய்வது மருந்தியல் அறிவைவிட அலமாரிச் சாவிதான்.

அபின் வகை வேண்டாம் என்பவர்களின் கை இப்போது ஆல்ஃபா-2 மருந்துகளை நாடுகிறது. குளோனிடின் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. 1984 முதல் தண்டுவட வெளியுறை ஊசியாகச் சோதிக்கப்பட்டது. நரம்புத் தடையில் சேர்த்தால் சராசரியாக இரண்டு மணி நேரம் கூடும். இரத்த அழுத்தம் இறங்கும், நாடி குறையும், தூக்கம் வரும். வெளியுறை குளோனிடினை அமெரிக்கா புற்றுநோய் வலிக்கு அனுமதித்தபோது, பிரசவ வலிக்கும் அறுவைக்குப் பிந்தைய வலிக்கும் அது பரிந்துரைக்கத்தக்கதன்று என்ற எச்சரிக்கையைக் கட்டம் கட்டியே போட்டது. டெக்ஸ்மெடிடோமிடின் அதன் இளைய உறவு. ஆல்ஃபா-2 ஏற்பிகளை மட்டும் தேர்ந்து பிடிக்கும் திறனில் குளோனிடினைப் போல ஏழெட்டு மடங்கு. 1999இல் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை அமைதியாகத் தூங்க வைக்க அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2006இல் பெய்ரூட்டில் 3 மைக்ரோகிராம் அளவில் தண்டுவட ஊசியில் சோதித்தார்கள்; அதன் பின் இந்திய ஆய்விதழ்கள் இதைக் கைவிடவே இல்லை. தண்டுவடத்தில் 5 மைக்ரோகிராம், கை நரம்புப் பின்னலில் 50 முதல் 60 மைக்ரோகிராம் என்பது வழக்கம். பின்னல் தடையில் வலியற்ற நேரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். இந்த மருந்து நரம்பின் இன்னொரு மின்னோட்டத்தை, துடிப்புக்குப் பின் நரம்பு பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஓட்டத்தை, தடுப்பதே காரணம் என்று விளக்குகிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. வலி நீக்கத்தோடு கால் செயலிழப்பும் நீள்கிறது. குடலிறக்க அறுவை முடிந்து மாலையில் வீடு திரும்ப வேண்டியவருக்கு அது உதவியல்ல.

மலிவும் எளிமையும் கூடிய துணைமருந்து டெக்சாமெத்தசோன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழங்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று என்பதால் கடைக்கோடி அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும். 4 முதல் 8 மில்லிகிராம் நரம்பருகே சேர்த்தால் தடை சுமார் ஆறரை மணி நேரம் கூடுவதாக 2017இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு கணக்கிட்டது. அதே மதிப்பாய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: அதே மருந்தைச் சாதாரண இரத்தக் குழாய் ஊசியாகக் கொடுத்தாலும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் கூடுகிறது. கையளவு வேறுபாட்டுக்காக நரம்பின் மேல் ஒரு ஸ்டீராய்டைக் கொட்ட வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. வேண்டியதில்லை என்பதே இங்கே ஏற்கத்தக்க முடிவு. ரோபிவகெயினோடு கலந்தால் டெக்சாமெத்தசோன் படிகமாகிவிடும் என்பதும் அந்த முடிவுக்குத் துணை. சர்க்கரை நோயாளிக்கு மறுநாள் சர்க்கரை ஏறும். ஒரு முறை கொடுப்பதில் அதைச் சமாளிக்கலாம். தண்டுவட நீரில் மட்டும் இதைச் சேர்க்கக் கூடாது.

மற்றவை சுருக்கமாகவே சொல்லத் தக்கவை. கீட்டமினின் பதன்பொருள்கள் விலங்குகளில் தண்டுவடத்தைப் பாதித்தன. மிடசோலம் பற்றியும் அதே ஐயம் தீரவில்லை. நியோஸ்டிக்மின் வலியைக் குறைக்கும். அடக்க முடியாத வாந்தியையும் தரும். மக்னீசியம் சல்ஃபேட்டின் பயன் சிறிது, அளவுத் தவறின் அபாயம் பெரிது: பிரசவ வலிப்புக்காக ஒவ்வொரு பிரசவ அறையிலும் உள்ள 50 சதவீத ஆம்பூலில் தண்டுவடத்துக்கான 50 மில்லிகிராம் ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கில் அடங்கிவிடுகிறது.

எந்த மருந்து சிறந்தது என்று சொல்லும் ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மயக்கவியல் முதுநிலை மாணவர்கள் அளிக்கும் ஆய்வேடுகளில் துணைமருந்து ஒப்பீடு ஆண்டுதோறும் தலைகாட்டும் தலைப்பு. பெரும்பாலும் ஒரு குழுவுக்கு முப்பது நாற்பது நோயாளிகள். அளவிடப்படுவது முதல் வலி மருந்து கேட்கும் வரை கடந்த நிமிடங்கள். அந்த எண் எளிதில் கிடைக்கும், எளிதில் முக்கியத்துவமும் காட்டும். அந்த இரவில் நோயாளி தூங்கினாரா, மறுநாள் காலையில் எழுந்து நடந்தாரா, தாய் குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார முடிந்ததா என்பவை அபூர்வமாகவே கேட்கப்படுகின்றன. இந்தத் துறை மோசடியையும் பார்த்திருக்கிறது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ரூபன் வலி நீக்கம் பற்றிய தம் ஆய்வுகளில் பலவற்றைக் கற்பனையாகவே எழுதியது 2009இல் வெளிப்பட்டது. 21 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் அப்படியே நூலகங்களில் இருக்கின்றன.

அறுவை அரங்கில் இந்த மருந்துகளை அளப்பது இன்சுலின் சிரிஞ்சில். அளவுகள் அவ்வளவு சிறியவை. ஃபென்டனில் ஆம்பூலில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம். 25 மைக்ரோகிராம் வேண்டுமானால் அரை மில்லிலிட்டர், 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு. குளோனிடின் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம். 30 மைக்ரோகிராமுக்கு 8 கோடு. டெக்ஸ்மெடிடோமிடின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம்; 5 மைக்ரோகிராமுக்கு இரண்டே கோடு. ஊசிமுனையில் தங்கும் துளியே இதில் ஒரு பங்கைக் கூட்டவோ குறைக்கவோ போதும். இன்னொரு பொறியும் உண்டு: 100 யூனிட் சிரிஞ்சும் அதே பெட்டியில் கிடைக்கும். அதில் 20 கோடு என்பது 0.2 மில்லிலிட்டர்தான். மார்ஃபினில் நிலைமை இன்னும் நுட்பம். ஆம்பூலில் 10 அல்லது 15 மில்லிகிராம் இருக்கும்; தேவை 0.1 மில்லிகிராம். இரண்டு கட்டமாக நீர்க்க வேண்டும். ஒரு கட்டம் தவறினால் அளவு பத்து மடங்காகிவிடும். இரண்டு பேர் பார்த்து, உரக்கச் சொல்லி, சிரிஞ்சில் பெயரும் அளவும் எழுதி ஒட்டிய பிறகே அது முதுகுக்குப் போக வேண்டும்.

தண்டுவடத்துக்குப் போகும் எதிலும் பதன்பொருள் இருக்கக் கூடாது. அரங்கில் தாராளமாகக் கிடைக்கும் 30 மில்லிலிட்டர் லிக்னோகெயின் குப்பியில் பெரும்பாலும் மெதில்பாராபென் என்ற பதன்பொருள் இருக்கும். அது தோலுக்கடியில் போட, முதுகுக்கு ஆகாது. 1947இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஒரே நாளில் முதுகு ஊசி போட்டுக்கொண்ட வூலி, ரோ என்ற இருவர் கால் செயலிழந்து போனார்கள். மருந்தில் கலந்த மாசே காரணமாகக் கருதப்பட்டது. பல ஆண்டுகள் அந்நாட்டு மருத்துவர்கள் முதுகு ஊசியையே அஞ்சினார்கள். அண்மைக் காலத்தில் ஆம்பூல் மாறிப்போவதே பெரிய ஆபத்து. இரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சமிக் அமிலத்தின் ஆம்பூலை புபிவகெயின் என்று எண்ணி முதுகில் செலுத்திய நிகழ்வுகளால் 2022 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பது செலவில்லாத தடுப்பு. இவற்றுக்கு நடுவே ஒரு பழைய பயமும் ஊர்களில் நிலைத்திருக்கிறது: முதுகு ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலிக்கும் என்பது. ஊசியைக் குற்றம் சாட்டும் சான்று கிடைக்கவில்லை. கர்ப்பத்திலேயே தொடங்கும் முதுகுவலி பெரும்பாலும் அதன் பேரில் எழுதப்படுகிறது.

தேர்வு என்ன என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. இரண்டு மணிக்கொரு முறை மூச்சை எண்ணக்கூடிய செவிலியரும், ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியும், அபின் வகையின் விளைவை முறிக்கும் நலோக்சோன் ஆம்பூலும் உள்ள வார்டில் சிசேரியன் தாய்க்கு 100 மைக்ரோகிராம் மார்ஃபினை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரே செவிலியர் முழு வார்டையும் பார்க்கும் இரவுப் பணியில் அதே மருந்து தவறான மருந்து. அங்கே ஃபென்டனிலோ, துணைமருந்தே இல்லாத ஊசியோ போட்டு, அறுவை முடிந்ததும் வயிற்றுச் சுவர் தசையடுக்கில் மரப்பு மருந்து செலுத்துவதும், வேளை தவறாமல் பாராசிட்டமாலும் டைக்லோஃபெனாக்கும் கொடுப்பதும் பாதுகாப்பான வழி. மார்ஃபின் ஏற்கெனவே போடப்பட்டிருந்தால் வயிற்றுச் சுவர்த் தடையால் கூடுதல் பயன் அதிகமில்லை. இரண்டும் மாற்றுகள், துணைகள் அல்ல. வலி வந்தால் சொல்லுங்கள் என்று விட்டுவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. சொல்லும்போது வலி ஏற்கெனவே முற்றியிருக்கும். மாத்திரை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட்டால் எந்தத் துணைமருந்தின் தேவையும் குறையும்.

முன்கை முறிந்தவருக்குக் கணக்கு வேறு. கழுத்துக்கும் காறை எலும்புக்கும் இடையில், அல்ட்ராசவுண்டு பார்த்து, நரம்புப் பின்னலைச் சுற்றி 20 மில்லிலிட்டர் அளவில் மருந்து செலுத்தினால் கை முழுதும் மரக்கும். இந்தக் கலையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பயிற்சிக்கூடம் உண்டு. 1978இல் மயக்கவியல் மருத்துவரான ஜெ. கோ. சண்முகநாதன் தொடங்கிய கோவை கங்கா மருத்துவமனை எலும்பு, கை அறுவைகளோடு நரம்புத் தடைப் பயிற்சிக்கும் பெயர் பெற்றது. தண்டுவடத்தைத் தொடாத இந்த ஊசியில் புப்ரினார்ஃபினோ டெக்ஸ்மெடிடோமிடினோ சேர்ப்பது தண்டுவட மார்ஃபினைவிடப் பாதுகாப்பானது; என்றாலும் இரண்டும் இந்த வழிக்கென்று அதிகார அனுமதி பெற்றவையல்ல, மருத்துவரின் பொறுப்பில் சேர்க்கப்படுபவை. டெக்சாமெத்தசோனை இரத்தக் குழாயில் கொடுப்பதில் அந்தச் சிக்கலும் இல்லை.

தடை நீளும்போது அதன் முடிவு நள்ளிரவில் வந்து விழும் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. மதியம் இரண்டு மணிக்குப் போட்ட ஊசி அதிகாலை மூன்று மணிக்கு விட்டால், வலி படிப்படியாக வருவதில்லை. திடீரென்று முழு வேகத்தில் வரும். இதை மீள்வலி என்கிறார்கள். இளையவர்களுக்கும் எலும்பு அறுவை செய்தவர்களுக்கும் இது அதிகம். டெக்சாமெத்தசோன் இதைக் குறைக்கிறது. முழு நேரத்துக்கும் மெல்லிய குழாய் வைத்து மருந்தைச் சொட்ட விடும் முறை மீள்வலியைத் தள்ளிப்போடும். அதற்குக் குழாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கொழுப்புப் பைகளில் அடைத்த புபிவகெயின் அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்றது. மூன்று நாள் நிற்கும் என்ற விளம்பரத்தை 2021இல் வெளியான தொகுப்பாய்வுகள் பெரிதாக ஆதரிக்கவில்லை. விலைக்கு ஏற்ற பயன் அதில் தெரியவில்லை.

மரத்த கையோடு வீடு திரும்புபவருக்குத் தரப்படும் அறிவுரைகள் சில. கை கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில் இருக்க வேண்டும். மரத்த கை தானாகத் தொங்கினாலும் முறுகினாலும் தெரியாது. அடுப்பு, வெந்நீர், கொதிக்கும் தேநீர்க் குவளை ஆகியவற்றிலிருந்து அதை விலக்கி வைக்க வேண்டும். விரல்கள் லேசாகக் கூசத் தொடங்கினாலே, வலி தொடங்கும்வரை காத்திருக்காமல், முதல் மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும். படுக்கப்போகும்போது ஒன்று கைவசம் இருக்க வேண்டும். கழுத்தருகே ஊசி போட்டவருக்கு அதே பக்கத்துக் கண்ணிமை சில மணி நேரம் சரிந்து, குரல் கம்மியிருக்கலாம். அது தானே சரியாகும். மூச்சுத் திணறினாலோ, 24 மணி நேரம் கடந்தும் விரல் அசையாமல் இருந்தாலோ, கட்டுக்குள் வீக்கமும் பொறுக்க முடியாத வலியும் கூடினாலோ, மருந்து விலகட்டும் என்று காத்திராமல் அறுவை செய்த மருத்துவமனைக்கே திரும்ப வேண்டும்.